சனிக்கிழமை ஸ்டடி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதச் சாரலில் கொடைக்கானல் மலையே நனைந்த கம்பளி மாதிரி கனத்துக் கிடந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், செண்பகனூரில் ஒரு வீட்டு மாடி அறையில் இது நடந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் ஐம்பதைச் சுற்றி வயது, மூவருக்கும் மூக்குக் கண்ணாடி, மூவருக்கும் குதிரைப் பைத்தியம். குதிரை என்றதும் ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்களைச் சுமந்துகொண்டு போகுமே, அதை நினைத்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் போக எனக்குப் பயம். நான் சொல்வது பெங்களூரிலும் சென்னையிலும் பந்தயத்தில் ஓடும் குதிரைகளை. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அப்பா யார், அம்மா யார், தாத்தா எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தார் என்பதெல்லாம் அத்துபடி. என் மாமனாரின் அப்பா பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பந்தயம் கட்டுகிறவன் என்றால் சோம்பேறி, உழைக்காமல் சாப்பிடப் பார்க்கிறவன் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்களைப் பார்த்திருந்தால் அந்த நினைப்பு போயிருக்கும். ஒரு பந்தயம் ஓடி முடிய ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கண்டுபிடிக்க நாங்கள் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வோம். போன தடவை இந்தக் குதிரை எந்த இடத்தில் வந்தது, யார் ஓட்டினார், மழையில் ஓடுமா, வெளிவட்டத்தில் மாட்டிக்கொண்டால் மீளுமா? எல்லாவற்றுக்கும் மேலே பாரம். நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் கூடுதலாக எடை ஏற்றுவார்கள், சுமாராக ஓடுவதற்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரையும் சமமாக வரட்டுமே என்று ஒரு நியாயம். அந்தப் பாரத்தைக் கூட்டிக் கழிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். மனைவி காய் நறுக்கச் சொன்னால், கேரட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, நாலாவது கேரட் உள்பக்கம் புகுந்து வர வழியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பணம் எவ்வளவு போனது என்று கேட்காதீர்கள். கட்டியதெல்லாம் சில்லறைதான். சில சனிக்கிழமை எங்கள் ஆராய்ச்சி முடிவதற்குள் பந்தயமே முடிந்துவிடும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. ஆராய்ச்சி நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு கலைந்து போவோம். நாங்கள் கொட்டியது நேரம். ஆனால் அது எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டுக்கார அம்மா.

நான் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். இன்னொருவர் ஊருக்குள் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் மேல்மலைக் கிராமமான போளூரில் பூண்டு போடுகிறவர். ஒட்டன்சத்திரம் மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் காலிப் பிக்கப் வண்டியோடு நேரே செண்பகனூருக்கு வந்துவிடுவார். மூன்று வீட்டிலும் இந்தச் சோலிக்கு இடமில்லை என்று மூன்று இல்லத்தரசிகளும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டதால் அந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம்.

வீட்டுக்கார அம்மா அறுபதைத் தொட்டவர். கணவர் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளை மதுரையில் கட்டிக் கொடுத்திருந்தார். கீழே தனியாக இருந்தார். "எதுக்குப்பா ரூமு?" என்று அவர் கேட்டபோது கடைக்காரர்தான் பதில் சொன்னார்.

"ஸ்டடிக்கும்மா. சாட்டர்டே மட்டும். ஒரு சின்ன ஸ்டடி குரூப். நாங்க மூணு பேருதான், கம்ப்ளீட் சைலன்ஸா இருக்கும்."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். குதிரைக்காரர்கள் பாஷையில் இந்த ஆராய்ச்சிக்குப் பேரே ஸ்டடிதான். "என்ன, ஸ்டடி முடிஞ்சுதா?" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் விசாரிப்போம். ஆனால் செண்பகனூர் எப்பேர்ப்பட்ட ஊர் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பாதிரியார் படிப்புக்கு வந்த பையன்கள் கையில் புத்தகத்தோடு, குனிந்த தலையோடு நடந்து போகும் ஊர் அது. அவர்களை எல்லோரும் பிரதர் என்று கூப்பிடுவார்கள். அந்த அம்மா பிறந்ததிலிருந்து பார்த்த ஸ்டடி அந்த ஒன்றுதான்.

முகம் மலர்ந்து சாவியைக் கொடுத்தார். வாடகை வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டோம்.

போகப் போக உபசாரம் கூடியது. பதினோரு மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீ வரும், கூடவே வெண்ணெய் தடவிய பன். மர நாற்காலிகளுக்கு மெத்தை வந்தது. நாங்கள் இருக்கும்வரை கீழே டி.வி. போடமாட்டார். வாசலில் யாராவது சத்தமாகப் பேசினால், "மெதுவாப் பேசு, மேல பிரதர்ஸ் உக்காந்திருக்காங்க" என்பார். முதலில் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். எப்போது பிரதர் ஆனோம் என்று ஞாபகம் இல்லை. கொடைக்கானலில் இங்கிலீஷ் வார்த்தை சகஜம்தானே, தம்பிக்கு இங்கிலீஷ் பிரதர்தானே என்று விட்டுவிட்டேன். நிறையப் படித்தவன் என்று எனக்கு ஊரில் பேர். படித்தவன் புத்தி அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

இன்னொன்று. மலை ஈரத்தில் பந்தயப் புத்தகங்கள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். அதனால் கடைக்காரர் பழைய இதழ்களைச் சேர்த்து, கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, பக்கம் குறித்துக்கொள்ள ஒரு சிவப்பு நாடாவும் வைத்து, ஆளுக்கொன்றாகப் பைண்ட் செய்து கொடுத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மூன்று கிழடுகளை வாசலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பெங்களூரில் பெரிய பந்தயம். மெர்சி என்று ஒரு குதிரை. ஐந்தாறு வாரமாக அதைத்தான் குடைந்துகொண்டிருந்தோம்.

"பாரம் ரொம்ப சாஸ்திங்க, தாங்காது" என்றார் பூண்டுக்காரர்.

"தாங்கும்ணே. மெர்சி நம்மள கைவிடாது" என்றார் கடைக்காரர்.

அந்த நேரத்தில் கதவைத் தட்டாமலே வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தார். அவர் தட்டாமல் வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் பை, கையில் குடை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"பிரதர், என் மகளுக்கு வலிப்பு வந்துருச்சாம். எட்டாம் மாசம் பிரதர். மருமகன் போன் பண்ணாரு. ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போறாங்களாம். ரெண்டு உசுருல ஒன்னயாச்சும் காப்பாத்தப் பாக்குறோம்னு டாக்டரம்மா கையெழுத்து வாங்கிட்டாங்களாம்."

நாங்கள் எழுந்து நின்றோம். உதவி கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்டதும் உதவிதான்.

"நான் பஸ்ஸப் பிடிச்சு மதுர போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் நீங்க மூணு பேரும் அவளுக்காக ஜெபம் பண்ணுங்க. நடுவுல எந்திரிக்காமப் பண்ணுங்க. நீங்க எந்திரிக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நாங்கள்லாம் கோயில்ல அரமணி நேரம் முட்டி போட்டா எப்படா முடியும்னு இருக்கும். நீங்க காலையில உக்காந்தா பொழுது சாயிற வரைக்கும் தலைய நிமித்துறதில்ல. மூணு வருசமாப் பாக்குறேன். பாரம் பாரம்னு நீங்க உருகுறது கீழ கேக்கும். மெர்சி கைவிடாதுன்னு இப்பக்கூடச் சொன்னீங்க, படியில ஏறும்போது கேட்டேன். அந்த இரக்கம்தான் எம்மகளுக்கு வேணும். உங்கள மாதிரி ஆளுக கேட்டா ஆண்டவரு இல்லைன்னு சொல்லமாட்டாரு பிரதர்."

பாம்பு காலைச் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மடியிலிருந்து இறக்கிய கறுப்புப் புத்தகம் மேஜை மேல் திறந்து கிடந்தது. சிவப்பு நாடா நேராக மெர்சியின் பக்கத்தில் தொங்கியது. எங்கள் பூண்டுக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். அதைப் பார்த்துமா இந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை? பிறகொரு நாள் அந்த அம்மாவே சொன்னார், வியாழக்கிழமை கோயிலில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்குத் திருநீறு பூசியவர்களும்தான் வந்து முட்டி போடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று.

சொல்லியிருக்கலாம். "அம்மா, இது குதிரை." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிற தாயிடம், உள்ளே கத்தியின் கீழே மகள் கிடக்கிற நேரத்தில், அவர் கையில் இருந்த ஒரே பிடிமானத்தைப் பிடுங்கத் தைரியம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரியான வார்த்தை.

"சரிங்கம்மா" என்றேன்.

"ஆரம்பிங்க பிரதர். பாத்துட்டுப் போறேன்."

மூவரும் உட்கார்ந்தோம். கண்ணை மூடினோம். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் கேட்டது.

இனி சொல்லப்போவதை நான் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நிஜமாகவே வேண்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். பழனிமலைத் தொடரிலேயே இருந்துகொண்டு முருகன் முகம் மனசுக்கு வராமல் போகுமா? வரவில்லை. கண்ணுக்குள் ஓடியது வேறு. வயது எவ்வளவு இருக்கும், முப்பதைத் தாண்டியிருக்கும். தலைப்பிரசவம். வலிப்பு, அது பாதகம். எட்டாம் மாதம், அது இன்னும் பாதகம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, அது சாதகம். சனிக்கிழமை மத்தியானம், பெரிய டாக்டர் இருப்பாரோ மாட்டாரோ. எங்கள் பாஷையில் சொன்னால் பாரம் ரொம்ப அதிகம். ஒரு குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஏற்ப அதற்கு மனசுக்குள் ஒரு விலை போடுவோம். வாய்ப்பு குறைந்தால் விலை ஏறும். பத்துக்கு ஒன்று என்றால் அந்தக் குதிரையை மறந்துவிடலாம் என்று அர்த்தம்.

அந்தப் பெண்ணுக்குப் பத்துக்கு ஒன்று என்று விலை போட்டுவிட்டு, அந்த விலை சரிதானா என்று இன்னொரு தடவை சரிபார்த்தும் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே உறைத்தது. கண்ணைத் திறந்தேன். மற்ற இருவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

பூண்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கு எட்டுக்கு ஒன்னு வருதுய்யா."

எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம்.

"எனக்குப் பத்து" என்றார் கடைக்காரர். "ஃபிட்ஸ் இருக்குல்ல."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று வருடமாக எந்தக் குதிரை விஷயத்திலும் ஒத்துப்போகாத மூன்று பேர். டீக்குச் சர்க்கரை போடுவதில்கூட மூன்று கட்சி. அன்றைக்கு, எங்களுக்கு மெத்தை போட்டு, பன்னுக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்த அம்மாவின் மகள் பிழைக்கமாட்டாள் என்பதில் மூவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தோம். அதுவும் கும்பிட்ட கையோடு.

பூண்டுக்காரர் மேஜை மேல் கிடந்த புத்தகத்தைப் பிடித்து மூலையில் வீசினார். "ஏலே, என்ன மனுசங்கடா நாம?" என்றார். அந்த மனிதர் என்னை அதுவரை மேனேஜரே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று ஜன்னல் பக்கம் போனேன். அங்கே அடுத்த அடி காத்திருந்தது. கீழே, வாசலுக்கு நேராக, பூண்டுக்காரரின் காலிப் பிக்கப் நனைந்துகொண்டு நின்றது. அந்த அம்மா பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டுமென்றால் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்று பேர், ஒரு வண்டி, மதுரைக்குத் தார்ரோடு. ஒரு பந்தயத்துக்கு எத்தனை விஷயத்தை யோசிப்போம்! இந்த ஒன்று மூவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

"வண்டி நிக்குதுய்யா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூண்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு பாதிப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. "பஸ்ஸு இப்பத்தான் போகுது, அந்தம்மா அழுதுக்கிட்டே ஏறுச்சு" என்றார் டீக்கடைக்காரர். வெள்ளி அருவி பக்கம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அருவியைப் பார்க்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தது. நான் இறங்கி ஓடினேன். என் உடம்பு ஓட்டத்துக்கு ஆனதில்லை. அவித்த சோளம் விற்கிறவர் என்னைப் பார்த்துத் தள்ளுவண்டியை ஓரங்கட்டினார். எனக்கு யாராவது விலை போட்டிருந்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறியிருக்காது.

பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் அந்த அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனார்.

"என்ன பிரதர்! ஜெபத்த விட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க?"

"வண்டி இருக்கும்மா. வெரசா போயிறலாம், எறங்குங்க."

"அப்ப ஜெபம்?"

"வண்டியிலயே பண்ணிக்கலாம்மா" என்றேன். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

முன்னால் பூண்டுக்காரர், நடுவில் அந்த அம்மா, ஓரத்தில் நான். பின்னால் காலிச் சாக்குகளுக்கு நடுவில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கடைக்காரர். நெரிசலைத் தாண்டி, பெருமாள்மலையைத் தாண்டி வண்டி விரைந்தது. பூண்டு வாசனைக்கு நடுவே அந்த அம்மா ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் முடியும்போது நான் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நிறுத்துவார். நான் இருமுவேன். போனில் மருமகன் கிடைக்கவில்லை. அந்த மலைப்பாதையில் சில வளைவுகளில்தான் சிக்னல் வரும். ஒவ்வொரு வளைவிலும் போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வார்.

ஊத்து என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது பின்கண்ணாடியைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். தார்ப்பாய்க்குள்ளிருந்து கடைக்காரர் போனோடு எழுந்து நின்று கத்தினார்.

"அண்ணே! மெர்சி வந்துருச்சு! மெர்சி வந்துருச்சுண்ணே!"

அந்த மனிதரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை வருடப் பழக்கம், சிக்னல் வந்ததும் கை தானாகப் போய்விட்டது. அதுவும் வாழ்நாளில் ஒருமுறை அவர் கணக்கு சரியாக வந்திருக்கிறது. வாயை விட்டு வந்த பிறகுதான் யார் காதில் விழுகிறது என்று அவருக்குப் புரிந்தது. நின்ற நிலையிலேயே சாக்குகளுக்குள் சரிந்துவிட்டார்.

அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு பேசுனா? மருமகனா? மெர்சி வந்துருச்சா? எம்புள்ள பொழச்சுருச்சா பிரதர்? சொல்லுங்க, என்ன சொன்னாரு?"

அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். கண்ணீரோடு ஒரு சிரிப்பு கிளம்பி உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை நான் அணைக்க வேண்டும்.

"அம்மா, அது குதிரைம்மா."

"குதிரையா?"

"மெர்சிங்கிறது ஒரு குதிரை. ரேஸ்ல ஓடுறது. நாங்க படிக்கிறது வேதம் இல்லம்மா. ரேஸு புத்தகம். பாரம்னு நாங்க சொல்றது குதிர மேல வைக்கிற வெயிட்டு. ஆஸ்பத்திரியில இருந்து ஒன்னும் வரலம்மா. மன்னிச்சிருங்க."

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. என் கையிலிருந்து அவர் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"வண்டிய நிப்பாட்டுங்க."

பூண்டுக்காரர் ஓரமாக நிறுத்தினார். இறங்கி நடந்தே போய்விடுவாரோ என்று பயந்தேன். இறங்கியதும் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மலைப்பாதைக்கு எல்லோருக்கும் வருவதுதான். நான் குடை பிடித்தேன், பூண்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார். கடைக்காரர் கீழே இறங்கி நனைந்துகொண்டு கைகூப்பியபடி நின்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த அம்மா எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் தேவலை.

"மூணு வருசமா," என்றார். "காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும். குதிரைக்கா?"

கோபமே இல்லை. நம்பமுடியாத ஒன்றைக் கேட்டவர் மாதிரி இருந்தது குரல்.

"எம்புருசனும் சீட்டாடுவாரு. அவரு நடுவுல சாப்புடவாச்சும் எந்திரிச்சு வருவாரு" என்றார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எடுங்க. வெரசா போங்க."

வத்தலக்குண்டு வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். சமவெளிக்கு வந்து, சாரல் நின்று, வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப ரூமுல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. என்ன பண்ணுனீங்க?"

பூண்டுக்காரர் கியரை மாற்றினார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வேண்டிக்கிட்டோம்மா" என்றேன்.

"குதிரக்காரங்கதானே. எப்படி வேண்டுனீங்க?"

"தெரிஞ்ச மாதிரி வேண்டிக்கிட்டோம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றார்.

உண்மை ஒன்றைச் சொல்லி முடித்த அதே வாயால், அதைவிடப் பெரிய ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி மாடி வராந்தாவில் மருமகன் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். மாமியாரைப் பார்த்ததும் எழுந்தார். அவர் பேச முடியாமல் இரண்டு விரலைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து மருமகன் காலைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு உயிருமே. மகளுக்கு நினைவு திரும்பவில்லை, ஆனால் வலிப்பு நின்றுவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண் குழந்தை. உள்ளங்கை அளவுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

நாங்கள் மூவரும் வராந்தா கடைசிக்குப் போய் நின்றுகொண்டோம். பூண்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாராவாரம் தோற்கிற ஆட்கள் நாங்கள். தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருப்போம். மழை, ஜாக்கி, பாரம். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நாங்கள் மூவரும் போட்ட கணக்கு மண்ணைக் கவ்வியது. காரணம் கண்டுபிடிக்க ஒருவரும் முயற்சி செய்யவில்லை.

திரும்பி மலையேறும்போது மூவரும் முன்னாலேயே நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் திடீரென்று, "வாரத்துக்கு இத்தன மணி நேரம்னு வச்சா, வருசத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"போடாதய்யா" என்றார் பூண்டுக்காரர். "அந்தக் கணக்க மட்டும் போடாத."

அறைச் சாவியை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் மலைக்கு வரும்வரை காத்திருந்தோம். மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர ஆவணி பிறந்துவிட்டது. மூவருமாகப் போய்ச் சாவியை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"குதிரை வேணாம்," என்றார். "உக்காருறதுன்னா வந்து உக்காருங்க. சனிக்கெழம மேல ஆளில்லன்னா எனக்கு வீடு என்னமோ மாதிரி கெடக்கு."

இப்போது தம்பி என்றோ பிரதர் என்றோ கூப்பிடுவதில்லை. "குதிரக்காரங்க" என்கிறார். அதைச் சொல்லும்போது மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவர் பேச்சைத் தட்ட முடியாமல் அடுத்த சனிக்கிழமை போனோம். புத்தகம் இல்லை. மெத்தை போட்ட நாற்காலியில் மூவரும் உட்கார்ந்தோம். பூண்டுக்காரர் கூரையைப் பார்த்தார். கடைக்காரர் ஜன்னல் கம்பியைத் தடவினார். நான் என் கைரேகையைப் படித்தேன். குதிரைக்கு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த எங்களுக்கு, குதிரை இல்லாமல் ஒரு டீ ஆறும் நேரம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து கீழே வந்து, குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம்.

பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். யாராவது வந்து ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது இன்றும் முதலில் மனசுக்குள் ஒரு விலை ஓடத்தான் செய்கிறது. ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் போய், வாசலில் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.